கோக்-தெக்திர் பள்ளிக்கு முதலிடம்

ஒரு பள்ளி நல்ல பள்ளியா இல்லையா என்று தெரிந்துகொள்ள மாவட்டக் கல்வித் துறை கண்டுபிடித்திருந்த முறை மிக எளிமையானது. அதைப் புரிந்துகொண்டால் பிறகு நடந்ததெல்லாம் நியாயமாகவே தோன்றும். ஒவ்வொரு பள்ளித் தலைவருக்கும் சமூக வலைத்தளத்தில் சொந்தமாக ஒரு பக்கம் இருக்க வேண்டும். அதில் நாளுக்கு ஒரு பதிவு. யாராவது லைக் போட்டால் ஒரு புள்ளி. கருத்து எழுதினால் இரண்டு. அடுத்தவருக்கு அனுப்பினால் மூன்று. புள்ளிகளைக் கூட்டி மாணவர் எண்ணிக்கையால் வகுக்க மாட்டார்கள். வகுத்தால் சின்னப் பள்ளிகள் முன்னால் வந்துவிடும் ஆபத்து இருந்தது. கூட்டிய தொகையை அப்படியே பெரியதிலிருந்து சின்னது வரை அடுக்குவார்கள். பிள்ளைகளுக்குக் கூட்டல் தெரியுமா என்பது இந்தக் கணக்கில் சேராது. அதைத் தெரிந்துகொள்ள நேரில் போக வேண்டும். மலைப்பாதை துறையின் காருக்கு ஒத்துக்கொள்ளாது.

வசந்த காலக் காலாண்டு முடிவில் கடைசி மூன்று இடங்களில் இருக்கும் பள்ளிகள் பெரிய பள்ளிகளோடு இணைக்கப்படும் என்று அறிவித்திருந்தார்கள். மலைக் கிராமமான கோக்-தெக்திரின் பள்ளி அப்போது கடைசியிலிருந்து இரண்டாவது.

அதன் தலைவி கலிபா. இணைப்பு என்றால் என்ன என்று அவளுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. ஆற்றுக்கு அப்பால் இருக்கிற பள்ளிக்குப் பிள்ளைகள் தொங்குபாலத்தில் நடந்து போக வேண்டும். பனி உருகும் மாதங்களில் பாலத்தின் பலகைகள் தண்ணீருக்குள் இருக்கும். முதல் வகுப்புப் பிள்ளைகளை அவர்களின் தாய்மார் அனுப்ப மாட்டார்கள். எட்டாம் வகுப்புப் பெண்களை அப்பாக்கள் அனுப்ப மாட்டார்கள்.

அதனால்தான் மாவட்டத் தலைநகரில் நடந்த கருத்தரங்கில் அவள் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து ஒரு வார்த்தை விடாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். தலைப்பு: 'கல்வித் தலைவர்கள் ஏன் சமூக வலைத்தளத்தில் இருக்க வேண்டும்?' பேசியவர் துறைத் தலைவர் மெதெர்பெக் சபாரோவிச். அகலமான மனிதர். பேசும்போது தன்னை எந்தப் பக்கத்திலிருந்து படமெடுக்கிறார்கள் என்று பார்த்து, அந்தப் பக்கமாகத் திரும்பிக்கொள்வார்.

"நான் ஒண்ணு கேக்கறேன்," என்றார். "போன வருஷம் உங்க பள்ளிக்கூடத்துல நல்ல பாடம் நடந்துதா? நடந்திருக்கும். யாரு பார்த்தா? பிள்ளைங்க பார்த்தாங்க. பிள்ளைங்க பார்த்தாப் போதுமா? பிள்ளைங்களுக்குப் பக்கம் இருக்கா? அவங்க ஒரு லைக் போடுவாங்களா? யாரும் பார்க்காத பாடம் நடந்துதுன்னு நான் மாகாணத்துக்கு எப்படி எழுதறது?"

கைதட்டினார்கள்.

"என்னையே எடுத்துக்குங்க. மூணு வருஷமா நான் ஒரு பள்ளிக்கூடத்துக்குள்ளயும் கால் வைக்கல. ஆனா எல்லாப் பள்ளிக்கூடமும் எனக்கு அத்துப்படி. எப்படி? உக்காந்த எடத்துலேருந்து உங்க பக்கங்களைப் பார்க்கறேன். இதுதான் தலைமை!"

மறுபடி கைதட்டினார்கள். கலிபா கை தூக்கினாள்.

"மெதெர்பெக் சபாரோவிச், எங்க ஊர்ல சிக்னல் கெடையாதுங்களே."

"அருமையான விஷயம்! அதையே ஒரு பதிவாப் போடுங்க."

ஊடகப் பொறுப்பாளர் நுர்சாத் அந்தப் பதிலைக் குறித்துக்கொண்டாள். அன்று மாலை அது துறைத் தலைவரின் பக்கத்தில் ஒரு பொன்மொழியாக வந்தது. பின்னணியில் சூரிய உதயம்.

கோக்-தெக்திரில் சிக்னலே இல்லை என்று சொல்வது முழு உண்மையல்ல. பள்ளிக்குப் பின்னாலுள்ள மேட்டில் ஒரு பழைய தண்ணீர்த் தொட்டி இருந்தது. ஆற்றுக்கு அப்பால் நிற்கும் தொலைபேசிக் கோபுரத்திலிருந்து புறப்படும் அலை நேர்கோட்டில்தான் வரும்; மலையைச் சுற்றிக்கொண்டு வராது. ஆனால் இரண்டு மலைகளுக்கு நடுவே ஒரு பிளவு இருந்தது. அதன் வழியாகத் தப்பி வந்த அலை சரியாகத் தொட்டியின் மேல் விழுந்தது. தொட்டியின் வடக்கு மூலையில் நிற்பவருக்கு இரண்டு கோடு கிடைக்கும். நடுவில் நிற்பவருக்கு ஒரு கோடு. தெற்கே நிற்பவருக்கு நல்ல காற்று.

பெரிய இடைவேளையில் ஆசிரியர்கள் எல்லோரும் தொட்டி மேல் ஏறுவார்கள். தங்கள் பள்ளியின் பதிவை ஏற்றுவது பாதி வேலைதான். மீதிப் பாதி, துறைத் தலைவரின் பதிவுகளுக்கு மாலைக்குள் லைக் போட்டு, போட்டதைப் படமெடுத்து நுர்சாத்துக்கு அனுப்புவது. அனுப்பாதவர்களின் பெயர்கள் ஆசிரியர்களின் பொது அரட்டைக் குழுவில் சிவப்பில் வரும். இடைவேளை போதாதபோது அடுத்த பாடவேளையும் தொட்டி மேலேயே போகும். கீழே பிள்ளைகள் சன்னலில் ஒட்டிக்கொண்டு ஆசிரியர்களைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

"எஜே, மெதெர்பெக் சபாரோவிச் இன்னிக்குக் கேரட் சாறு குடிக்கிற படம் போட்டிருக்காரு," என்பாள் ஆரம்ப வகுப்பு ஆசிரியை சூரா. கலிபாவை மூத்தவள் என்று எல்லோரும் எஜே என்றுதான் கூப்பிட்டார்கள். "இதுக்கும் கருத்து எழுதணுமா?"

"எழுதணும். 'உங்கள் தலைமை எங்களுக்கு ஊக்கம்'னு போடு."

"கேரட் சாறுக்கா?"

"நேத்து அவரு வண்டி டயருக்கு அதைத்தானே எழுதினோம். இன்னிக்கு வேற மாதிரி எழுதினா, டயரைவிட சாறு ஒசத்தியான்னு கேப்பாரு."

"தலைவரே இப்படிப் பேசினா நாங்க என்னத்தைச் சொல்ல," என்று சூரா சிரித்துக்கொண்டே எழுதினாள். எழுதி முடிக்கும்போது காற்று திரும்பி, சிக்னல் போய்விடும். முதலிலிருந்து எழுத வேண்டும்.

கலிபா ஆரம்பத்தில் நேர்மையாகவே முயன்றாள். வாய் திறக்காத ஒரு பெண் பிள்ளை முதல் முறையாகக் கரும்பலகைக்கு வந்து பின்னங்களைக் கூட்டியதைப் படமெடுத்துப் போட்டாள். ஏழு லைக் வந்தது. ஏழும் தொட்டி மேல் நின்றவர்கள் போட்டது. அதே நாளில் நகரத்துப் பள்ளித் தலைவர் ஒருவர் தன் புதிய நாற்காலியைச் சுற்றிக் காட்டும் வீடியோவுக்கு ஆயிரத்துக்கு மேல் வந்தது. நுர்சாத் தொலைபேசியில் அழைத்தாள்.

"எஜே, உங்க பதிவுல உணர்ச்சி இல்ல."

"அந்தப் பொண்ணு ரெண்டு வருஷமா பலகைக்கே வரலம்மா. அன்னிக்குத்தான் வந்தா."

"அது உங்களுக்குத் தெரியும். பார்க்கறவங்களுக்கு முதுகுதானே தெரியுது?"

கடைசி மாதத்தில் மாவட்டம் புதிய திட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. எல்லாப் பள்ளிகளும் ஒரே மாதிரியான சட்டத்தில் ஒரு ஆசிரியரின் படத்தைப் போட வேண்டும். சட்டத்தை நுர்சாத் தயாரித்து அனுப்பியிருந்தாள். மேலே 'ஒளி தந்த வாழ்வு' என்ற தலைப்பு. கீழே 'இவர் ஏற்றிய விளக்கு என்றும் அணையாது' என்ற வரி. வலது மூலையில் குறுக்காகத் துறையின் நீல நாடா. மூன்றையும் யாரும் மாற்ற முடியாதபடி பூட்டு போட்டிருந்தாள்.

கலிபா கணித ஆசிரியர் ஷெர்காசியைத் தேர்ந்தெடுத்தாள். அவரிடம் படிக்காதவர்கள் அந்தப் பள்ளத்தாக்கில் குறைவு. எல்லோருக்கும் அவர் ஷெர்காசி அகாய். வாத்தியாரை அங்கே அப்படித்தான் அழைப்பார்கள். படமெடுக்க அவர் சம்மதிக்கவில்லை. கடைசியில் ஒரு பாராட்டுப் பத்திரத்துக்காக எப்போதோ எடுத்த படம் கிடைத்தது. அதில் யாரையோ மன்னிக்க முடியாதவர்போல நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று தொட்டி மேல் ஒரு கோடுதான் இருந்தது. படம் பாதி வரை ஏறுவதும் நிற்பதுமாக இருந்தது. வண்ணத்தை எடுத்துவிட்டால் படத்தின் அளவு குறையும் என்பது கலிபாவுக்குத் தெரியும். கறுப்பு வெள்ளையாக மாற்றினாள். உடனே ஏறிவிட்டது. தன் சாமர்த்தியத்தை மெச்சிக்கொண்டு கீழே இறங்கினாள்.

வண்ணத்தை எடுத்தால் நீல நாடா கறுப்பு நாடாவாகும். இதை அவள் யோசிக்கவில்லை. மூலையில் குறுக்கே கறுப்பு நாடா கட்டிய படத்தை அந்த நாட்டில் சாவு வீட்டில்தான் வைப்பார்கள் என்பது பச்சைக் குழந்தைக்கும் தெரியும்.

மறுநாள் காலை ஷெர்காசி தன் வீட்டு முற்றத்தில் விதை உருளைக்கிழங்குகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். தெருமுனையில் ஒரு சிற்றுந்து நின்றது. அதிலிருந்து இறங்கிய ஆண்கள் கேட்டுக்கு வெகு தூரத்திலேயே உடம்பைச் சாய்த்து, "ஐயோ, என் அண்ணனே! என் மலையே!" என்று உரக்க அழுதுகொண்டு வந்தார்கள்.

இந்த இடத்தில் முறை ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். அழுதுகொண்டு வருகிறவரைத் தடுத்து யார் செத்தது என்று கேட்பது அங்கே மரியாதையல்ல. முதலில் கூட அழ வேண்டும். பிறகு கட்டிப்பிடிக்க வேண்டும். விவரம் அதற்கப்புறம். ஷெர்காசி முறையாக வளர்க்கப்பட்டவர். கிழங்குகளைப் போட்டுவிட்டு எழுந்து, மண்வெட்டிக் கம்பில் சாய்ந்து, "ஐயோ, என் உறவே!" என்று குரல் கொடுத்தார். அடுப்படியில் பொர்சோக் மாவுத் துண்டுகளைப் பொரித்துக்கொண்டிருந்த அவர் மனைவி சாய்கல், இரண்டு பக்கமும் அழுகை கேட்டதும் எண்ணெயை இறக்கி வைத்தாள். சுவரைப் பார்த்து உட்கார்ந்து, யாருக்கும் பொருந்துகிற மாதிரியான வரிகளாகத் தேர்ந்தெடுத்து ஒப்பாரி தொடங்கினாள்.

முன்னால் வந்தவர் ஷெர்காசியின் சித்தப்பா மகன் ஒரோசாலி. கண்ணை மூடி ஷெர்காசியைக் கட்டிக்கொண்டு தோள் நனைய அழுதார். கொஞ்சம் தணிந்ததும் மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டார்.

"எப்படிப் போனாரு அண்ணன்?"

"எந்த அண்ணன்?"

"ஷெர்காசி அண்ணன்."

ஷெர்காசி அவர் முதுகைத் தட்டிக்கொடுப்பதை நிறுத்தவில்லை. "அது நான்தானேடா," என்றார்.

ஒரோசாலி கண்ணைத் திறந்து பார்த்தார். ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு அவருக்குக் கோபம் வந்தது. "அப்ப எதுக்கு நாடா போட்டுப் படம் போட்டிருக்காங்க? ஏதோ தெருவுல போறவன் போட்டதா? பள்ளிக்கூடத் தலைவரோட பக்கம்! பொய்யாவா இருக்கும்?"

"நான் என்னடா பண்ணட்டும், செத்துட்டுதான் வாசலுக்கு வரணுமா?"

உள்ளே சாய்கல் இன்னும் பாடிக்கொண்டிருந்தாள். யாரும் அவளிடம் போய்ச் சொல்லவில்லை.

மத்தியானத்துக்குள் பள்ளத்தாக்கே வந்துவிட்டது. தலைநகரிலிருந்து பழைய மாணவர்கள் இரண்டு வண்டிகளில் வந்தார்கள். ஒருவர் லாரியில் குதிரையோடு வந்தார். அடக்கத்து விருந்துக்கு வெட்டுவதற்கென்று கொண்டுவந்த குதிரையைத் திருப்பி ஏற்றிக்கொண்டு போவது நல்லதல்ல என்று பெரியவர்கள் கலந்து பேசி முடிவு செய்தார்கள். எனவே ஷெர்காசி தன் சொந்தச் சாவுச் சாப்பாட்டில் முதல் ஆளாக உட்கார்ந்து, தனக்குக் கிடைத்த தொடைக்கறியை மரியாதையாகச் சாப்பிட்டார்.

சேதி கேட்டு கலிபா தொட்டிக்கு ஓடினாள். வடக்கு மூலையில் நின்று பக்கத்தைத் திறந்தாள். அழுமுகங்கள் ஆயிரக்கணக்கில் ஏறியிருந்தன. கருத்துகள் முடிவில்லாமல் கீழே போய்க்கொண்டிருந்தன. ஒருவர், ரொட்டியை வெட்டி வெட்டிப் பின்னம் சொல்லிக்கொடுத்து, பாடம் முடிந்ததும் அந்த ரொட்டியைத் தனக்குத் தந்துவிடுவார் என்று எழுதியிருந்தார். தான் பட்டினியாக வருவது அவருக்கு மட்டும் தெரியும் என்றும். ஒரு பெண், தன் கல்யாணத்தை ஒரு வருஷம் தள்ளிப்போடச் சொல்லித் தன் அப்பாவிடம் வந்து பேசியவர் அவர்தான், இன்று தான் பாலம் கட்டும் பொறியாளர் என்று எழுதியிருந்தாள். கலிபாவுக்கு எழுத்துகள் கலங்கின. இவ்வளவும் இத்தனை வருஷமாக இந்தப் பள்ளத்தாக்கிலேயே இருந்திருக்கிறது. ஒரு புள்ளிகூட வந்ததில்லை. வெளியே வருவதற்கு மனிதர் சாக வேண்டியிருந்தது.

அவசரமாகக் கருத்துப் பகுதியில் எழுதினாள்: 'ஷெர்காசி அகாய் உயிரோடு இருக்கிறார்.'

உடனே பதில்கள் வந்தன. 'ஆமாம், நம் எல்லோர் நெஞ்சிலும்.' 'அழகாகச் சொன்னீர்கள் எஜே.' அதற்கு மட்டும் முந்நூறு லைக்.

பதிவையே எடுத்துவிட அவள் விரலை வைத்தபோது தொலைபேசி ஒலித்தது. நுர்சாத்.

"எஜே, கை வைக்காதீங்க! மாகாணத்துலேயே இதுதான் முதல் எடம்! மெதெர்பெக் சபாரோவிச் எழுந்து நின்னு பார்த்துட்டிருக்காரு."

"ஆளு உயிரோட இருக்காரும்மா."

"இருக்கட்டும் எஜே, யாரு வேணாங்கறா? அதை மே மாசம் முடிஞ்சதும் தனிப் பதிவாப் போடுங்க. இப்ப அழிச்சா புள்ளி மொத்தமும் போயிரும். நீங்க மறுபடி கடைசி மூணுக்குள்ள."

கலிபா விரலை எடுத்தாள். தொட்டி மேலிருந்து பார்த்தால் தொங்குபாலம் தெரியும். பலகைகள் மேல் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது.

அன்று மாலை ஷெர்காசி வீட்டில் எல்லோரும் போன பிறகு அவர் முன்னால் உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னாள். ஷெர்காசி தேநீர்க் கிண்ணத்தைச் சுற்றிக்கொண்டே கேட்டார்.

"எது வரைக்கும் நான் செத்திருக்கணும்?"

"மே கடைசி வரைக்கும் அகாய்."

"பரீட்சை ஜூன்லதானே? அதுக்கு வந்துருவேன். பள்ளிக்கூடம் நிக்கட்டும்."

சாய்கல் மட்டும் ஒன்று கேட்டாள். "அதுவரைக்கும் நான் சந்தைக்குச் சிவப்புத் துப்பட்டா போட்டுட்டுப் போலாமா, கூடாதா? அதை உங்க ஆபீசுல கேட்டுச் சொல்லுங்க."

காலாண்டு முடிந்தது. கோக்-தெக்திர் மாவட்டத்தில் முதலிடம். இரண்டாமிடத்துக்கும் அதற்கும் நடுவே ஒரு மலையே இருந்தது. பள்ளியில் பிள்ளைகள் கத்தினார்கள். சூரா கலிபாவைக் கட்டிக்கொண்டு குதித்தாள்.

அடுத்த வாரம் மெதெர்பெக் சபாரோவிச் நேரில் வந்தார். கார் போகாத பாதையில் ஜீப் போனது. பள்ளி வாசலில் வரவேற்க நின்றவர்களில் ஷெர்காசியைப் பார்த்ததும் ஒரு அடி பின்னால் வைத்தார்.

"இவரு...?"

"இவர்தான்," என்றாள் கலிபா.

துறைத் தலைவர் சட்டென்று தேறிக்கொண்டார். ஷெர்காசியின் கையை இரண்டு கையாலும் பிடித்து, காமிரா பக்கம் திருப்பினார். "துறைக்காக நீங்க செஞ்ச தியாகத்தை நாங்க மறக்க மாட்டோம்."

"பாடம் எடுக்கறதையா சொல்றீங்க?" என்றார் ஷெர்காசி.

"அதுவுந்தான்."

பிறகு முற்றத்தில் பேசினார். "இந்தச் சின்னப் பள்ளிக்கூடம் என்ன காட்டியிருக்கு? தலைவர் நெனைச்சா, தொட்டி மேல நின்னுகூட உலகத்தை அழ வைக்கலாம்னு காட்டியிருக்கு! இதை இப்படியே விட்டுடலாமா? விடக் கூடாது. ஆகவே இலையுதிர் காலத்துலேருந்து இந்தக் கட்டடம் மாகாணத்தோட டிஜிட்டல் தலைமைப் பயிற்சி மையம்! எல்லாப் பள்ளித் தலைவர்களும் இங்க வந்து கத்துக்குவாங்க. உங்களுக்காக இங்கயே ஒரு கோபுரம் வரப்போகுது."

கைதட்டல் அடங்கியதும் கலிபா கேட்டாள். "பிள்ளைங்க எங்க உக்காருவாங்க?"

"ஆத்துக்கு அந்தப் பக்கம். எடத்துக்குக் கவலையே வேணாம். கடைசி மூணு பள்ளிக்கூடத்துக்குன்னு ஏற்கெனவே பெஞ்சு போட்டு வெச்சோம். நீங்க முன்னால வந்துட்டீங்க, அந்த பெஞ்சு சும்மா கெடக்குது."

"அப்ப எங்க பள்ளிக்கூடத்தை மூடறீங்க."

"எஜே, கடைசி எடத்துக்கு வந்தாதான் மூடுவோம்," என்றார் அவர் பொறுமையாக. "முதல் எடத்தை எப்படி மூடுவாங்க? உயர்த்தறோம்."

இலையுதிர் காலத்தில் கோபுரம் வந்தது. திறப்பு விழாவுக்கு நாற்பது பள்ளித் தலைவர்கள் வந்து, மூன்றாம் வகுப்பு பெஞ்சுகளில் முழங்கால் இடிக்க உட்கார்ந்தார்கள். அப்போதுதான் நுர்சாத் ஒரு குறையைக் கண்டுபிடித்தாள். பள்ளி என்று தெரிகிற மாதிரி எதுவும் படத்தில் இல்லை. உடனே மலையைச் சுற்றி அக்கரைக்கு வண்டி அனுப்பினார்கள். கோக்-தெக்திரின் பிள்ளைகளில் அந்தப் பள்ளிக்கு வந்திருந்தவர்களைக் கையெழுத்துப் போட்டு, மதியம் வரை இரவலாக வாங்கிக்கொண்டு வந்தார்கள். பாதிப் பேர்தான் இருந்தார்கள். எட்டாம் வகுப்பில் பெண்களே இல்லை.

கலிபா அவர்களை ஓரத்து அறைக்குள் கூட்டிப்போனாள். ஷெர்காசியையும் உள்ளே இழுத்து, கதவுக்குக் குறுக்கே மேசையைத் தள்ளினாள்.

"அகாய், ஆரம்பிங்க."

"என்ன பாடம்?"

"எதுவானாலும் சரி. விட்ட எடத்துலேருந்து."

ஷெர்காசி பலகையில் ஒரு சமன்பாட்டை எழுதினார். பிள்ளைகள் நோட்டு இல்லாமல் விரலால் பெஞ்சில் எழுதத் தொடங்கினார்கள். ஒரு பையன் எழுந்து முதல் படியைச் சொன்னான். தப்பு. இன்னொருவன் திருத்தினான். யாரோ கதவைத் தட்டினார்கள். கலிபா மேசை மேல் உட்கார்ந்துகொண்டாள். இரண்டாம் படிக்கு ஆறு கைகள் ஒன்றாக உயர்ந்தன.

தட்டல் நின்றது. கலிபா திரும்பிப் பார்த்தாள். சன்னலுக்கு வெளியே மெதெர்பெக் சபாரோவிச் தொலைபேசியை உயர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றார். அவருக்குப் பின்னால் நாற்பது பேரும் தத்தம் தொலைபேசியை உயர்த்தியிருந்தார்கள். "நேரலையில பாருங்க, பாருங்க," என்று கிசுகிசுத்தார் அவர், "நம்ம மையத்துல கதவைச் சாத்திக்கிட்டுப் பாடம் நடத்தறாங்க! என்ன ஒரு உணர்ச்சி!" அவருடைய மூக்குக்கண்ணாடியில் லைக் இதயங்கள் மிதந்து மேலே போவதை அவள் பார்த்தாள்.

மூன்றாம் படி தொடங்கியபோது வண்டிக்காரர் ஒலி எழுப்பினார். இரவல் நேரம் முடிந்திருந்தது. பிள்ளைகள் ஒவ்வொருவராக எழுந்து மேசையைச் சுற்றி வெளியே போனார்கள்.

ஷெர்காசி சாக்குக்கட்டியைக் கீழே வைத்துவிட்டு, பாதியில் நின்ற கணக்கை அழிக்கத் துணியை எடுத்தார். நுர்சாத் ஓடி வந்து அவர் கையைப் பிடித்தாள்.

"அழிக்காதீங்க அகாய்," என்றாள். "பின்னணிக்கு நல்லா இருக்கு."